சிறிமாவோ பண்டாரநாயக்க

சிறிமாவோ பண்டாரநாயக்க (17 ஏப்ரல் 1916 – 10 அக்டோபர் 2000) உலகின் முதல் பெண் பிரதமர். 1960–65, 1970–77, 1994–2000 ஆகிய காலங்களில் இலங்கையின் பிரதமராக இருந்தார்.

இளமை
கண்டிச் சிங்களப் பிரபுக் குலமான ரத்வத்தை குடும்பத்தில் பிறந்தார். பௌத்தரான அவர் கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய சென் பிரிஜெட் பள்ளியில் படித்தார். 1940இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மணந்தார். கணவர் அரசியலில் இருக்க, இவர் லங்கா மகிளா சமிதி வழியாகக் கிராமப் பெண்களிடையே பணியாற்றினார்.

பதவிக்கு வந்த விதம்
1956இல் பிரதமரான கணவர், 1959 செப்டம்பரில் பௌத்த பிக்கு ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். தலைமையின்றித் தடுமாறிய அவரது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 1960 மார்ச் தேர்தலில் பின்தங்கியது. ஐக்கிய தேசியக் கட்சியின் சிறுபான்மை அரசு விரைவில் கவிழ்ந்தது. மே மாதம் கட்சித் தலைமையை ஏற்ற சிறிமாவோ, கணவரின் ஒலிப்பதிவு உரைகளுடன் ஊர் ஊராகச் சென்றார். ஜூலைத் தேர்தலில் 151 இடங்களில் 75 கட்சிக்குக் கிடைத்தன. ஜூலை 21 அன்று பதவியேற்றார்; தாம் போட்டியிடாததால், பின்னர் செனட் சபை உறுப்பினரானார். அச்சபையை அவரது அரசே 1971இல் ஒழித்தது.

ஆட்சி
உதவி பெற்ற மிஷன் பள்ளிகளை அரசு ஏற்றது. எண்ணெய் விநியோகத்தைத் தேசியமயமாக்கியதால் 1963இல் அமெரிக்க உதவி நின்றது. 1964இல் சொந்தக் கட்சியினர் சிலர் எதிரணிக்குத் தாவியதால் ஒரே வாக்கில் நாடாளுமன்றத்தில் தோற்று, அடுத்த ஆண்டு தேர்தலிலும் ஆட்சியை இழந்தார்.

1970இல் இடதுசாரிகளுடன் பெருவெற்றி பெற்றார். மறு ஆண்டே மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) இளைஞர் கிளர்ச்சியை ஒடுக்கினார். 1972இல் நாடு குடியரசானது. தனியார் நில உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வந்தது. 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் நடத்தினார்.

தமிழர் விவகாரம்
1961 ஜனவரியில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வடகிழக்கில் தமிழரசுக் கட்சி நடத்திய சத்தியாக்கிரகத்தை அவசரகாலச் சட்டமும் இராணுவமும் கொண்டு அடக்கினார். இந்தியாவுடன் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை தந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரிடம் கூடுதல் மதிப்பெண் கோரிய தரப்படுத்தல் தமிழ் இளைஞரைத் தனிநாட்டுக் கோரிக்கையின் பக்கம் தள்ளியது. கச்சத்தீவு இலங்கைக்கு உரியதென்ற 1974 ஒப்பந்தமும் இவர் இந்திரா காந்தியுடன் செய்ததே.

பிற்காலம்
விலைவாசியும் உணவுத் தட்டுப்பாடும் 1977இல் கட்சியை எட்டு இடங்களுக்குச் சுருக்கின. 1980இல் அவரது குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன; அவை மீண்ட பின், 1988 ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாசாவிடம் தோற்றார். 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானதும் மீண்டும் பிரதமரானார். ஆயினும் அதிகாரம் ஜனாதிபதியிடம் குவிந்திருந்தது. 2000 ஆகஸ்டில் விலகிய அவர், அக்டோபர் பொதுத்தேர்தலில் வாக்களித்த அன்றே மாரடைப்பால் காலமானார்.