275 அலாரமும் ஒரு கற்பனை ஆலையும்

1994 ஜூலை 24. வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் வந்து விழுந்த அலாரங்கள் 275. காயம் 26 பேருக்கு. ஒரு வால்வு மூடிக் கிடந்தது. திரையோ திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை அலாரத்துக்குப் பதிலா 'இன்ன இடத்துல இன்ன பழுது'ன்னு ஒரே வரி வந்தா எப்படி இருக்கும்? இந்த ஆசை பழசு. ஹாஸ்கின்ஸும் ஹிம்மல்பிளாவும் 1988-லேயே வேதி ஆலைப் பழுதுகளைக் கண்டறிய நியூரல் நெட்வொர்க்கை முயன்றார்கள். சிக்கல், தரவு. தன் ஆலையின் பழுதுக் கணக்கை எந்தக் கம்பெனி லேசில் வெளியே கொடுக்கும்?

1993-ல் ஈஸ்ட்மன் கெமிக்கல் பொறியாளர்கள் டவுன்ஸும் வோகலும் ஒரு கற்பனை ஆலையையே ஃபோர்ட்ரானில் எழுதிக் கொடுத்தார்கள்: 'டென்னசி ஈஸ்ட்மன்'. நிஜ ஆலையை ஒட்டியது, வேதிப்பொருள்களுக்கு மட்டும் ஏ முதல் எச் வரை எழுத்துதான் பெயர். 41 அளவீடுகள், 12 கட்டுப்பாடுகள், 20 பழுதுகள். அவற்றில் 5 என்னவென்று அவர்கள் சொல்லவே இல்லை!

கட்டுப்பாட்டு முறைகளைச் சோதிக்க வந்த இந்த ஆலையைப் பழுது கண்டறிகிறவர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். 2017-ல் ஜாங், ஜாவோ இருவரும் டீப் பிலீஃப் நெட்வொர்க்கோடு வந்தபோதும் கேள்வித்தாள் அதேதான்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தானில் சின்னதா ஒரு நெட்வொர்க் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலான பழுதுகளைச் சட்டென்று பிடித்தது. 3, 9, 15 மட்டும் 'எல்லாம் நார்மல்'னு சொல்லிடுச்சு. என் கோடில் தப்பு என்று ராத்திரி வரை தேடினேன். அப்புறம் படித்துப் பார்த்தால், பல வருஷமா எல்லாருக்கும் தண்ணி காட்டுவது இந்த மூன்றுதான்.

காரணம் எளிது. 3-ம் 9-ம் ஒரு மூலப்பொருளின் வெப்பநிலை மாறுவது. 15 குளிர்நீர் வால்வு சிக்கிக்கொள்வது. ஆலையின் தானியங்கிக் கட்டுப்பாடு உடனே ஈடுகட்டிவிடுகிறது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காய்ச்சல் பார்க்கிற கதை.

இன்னொன்று. 20 பழுது படித்த நெட்வொர்க்கிடம் 21-வதைக் கொடுத்தால், தெரியாது என்று சொல்ல நாம் தனியாகக் கற்றுக்கொடுக்காதவரை, தெரிந்த பெயர்களில் ஒன்றைத்தான் சூட்டும்.

இப்போதெல்லாம் புதுக் கட்டுரை கண்ணில் பட்டால் சராசரி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. நேரே 3, 9, 15-க்குப் போகிறேன். மில்ஃபோர்ட் ஹேவனிலும் திரை சொன்னது, வால்வு திறந்திருக்கிறது என்றுதானே?