சாயமும் ஒளியும்

வெயிலில் காயும் சேலை நிறம் மங்குவதைக் காணும்போது, ஒளியைச் சாயத்தின் பகை என்றே நாம் கருதுகிறோம். அப்பகை ஆக்கத்துக்குத் துணையான வரலாற்றைச் சிறிது காண்போம்.

புனே நகரின் தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் 1950 ஜனவரி 3-ஆம் நாள் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. 1957-இல் அதன் இயக்குநரான முதல் இந்தியர் கே. வெங்கட்ராமன். 1901-இல் சென்னையில் பிறந்த அவர், மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்ஸனிடம் ஆராய்ச்சி பயின்றார். 1938 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறைக்குத் தலைமை வகித்தார். செயற்கைச் சாயங்களைப் பற்றி 1952-இல் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல் பின்னர் எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது.

சாய விஞ்ஞானிகளை அந்நாளில் ஒரு புதிர் வாட்டியது. சில மஞ்சள், ஆரஞ்சுச் சாயங்கள் வெயிலில் தாம் மங்காதிருந்தும், தம்மை ஏற்ற பருத்தித் துணியை இற்றுப்போகச் செய்தன. சாயம் ஒளியின் ஆற்றலை உண்டு, அதனைத் துணியின் இழைகள்மீது செலுத்தியதே காரணம். இழையைச் சிதைக்கும் அவ்வாற்றலைக் கொண்டு இழை போன்ற நெடிய மூலக்கூறுகளை ஆக்கவும் கூடுமோ?

கூடும் என்பதற்குச் சான்றுகள் கிடைத்தன. மான்செஸ்டரில் ஆராய்ந்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். சாந்தப்பாவும் அவருடைய துணைவர்களும், இரும்பு உப்புகள் ஒளிபட்டுப் பாலிமர் ஆக்கத்தைத் தொடங்குவதை 1951-இல் விளக்கினர். 1954-இல் அமெரிக்காவின் ஜெரால்ட் ஆஸ்டர், சாயங்களாலும் அது இயலும் எனக் காட்டினார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை ஏற்ற சாயம், உடனிருக்கும் வேறொரு பொருளோடு வினைபுரிகிறது. அதில் பிறக்கும் துடிப்புமிக்க துணுக்கு முதற்கண்ணியாகிறது. சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதனுடன் இணைந்து சங்கிலியாய் நீள்கின்றன.

இதனை வெங்கட்ராமன் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சாயம் எவ்வொளியை ஏற்கும் என்பதை அறிய, அதன் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். அவ்வறிவைத் தொகுத்து உலகுக்கு அளித்தோருள் அவர் முதல் வரிசையினர்.

இன்று பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டியதும், பல்லில் அடைத்த குழைவு சில நொடிகளில் இறுகுகிறது. அதனுள் ஒளியை ஏற்பது பெரும்பாலும் கேம்ஃபர்குவினோன் என்னும் மஞ்சள் நிறப் பொருளே. அவ்விளக்கைக் காணுந்தோறும், சென்னையில் பிறந்து புனேயில் ஆய்வு வளர்த்த அத்தமிழரை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சேலை ஏன் மங்கியது என்று அவர்கள் கேட்டால் அதட்டாதிருப்போம்.