டேக் மோதலைத் தவிர்க்கும் முறை: ஒரு வரலாறு

1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு இயக்கிய அலோஹா வலையமைப்பில், தீவுகளின் முனையங்கள் ஒரே அலைவரிசையில் நினைத்தபோது செய்தி அனுப்பின. மோதினால், தற்செயலான இடைவெளிக்குப் பின் மீண்டும் அனுப்பின. அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீதமே பயன்பட்டது. 1972இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் நேரத்தைச் சம கூறுகளாகப் பிரிக்கச் சொன்னார். பயன் இரு மடங்கானது.

ரேடியோ அலையால் தம் அடையாளத்தை ரீடர் என்னும் கருவிக்கு அனுப்பும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குகளும் ஒன்றையொன்று கேட்க இயலாதவை. ஆகவே நேரக் கூறுகளைக் கொண்ட இந்த அலோஹா முறையே அவற்றுக்கும் பொருந்தியது. 2004இல் ஒப்புதல் பெற்ற ஜென்-2 என்னும் ஆர்.எஃப்.ஐ.டி. தரத்தில், கூறுகளின் எண்ணிக்கையை ரீடர் அறிவிக்கிறது. ஒவ்வொரு டேக்கும் ஒரு கூறின் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, தன் முறை வரும்போது வேறொரு 16 பிட் எண்ணை அனுப்புகிறது. மோதல் மிகுந்தால் ரீடர் கூறுகளைக் கூட்டும். வெற்றுக் கூறுகள் மிகுந்தால் குறைக்கும். இந்தியச் சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக்கும் இத்தரத்தைச் சேர்ந்ததே.