பக்கத்து வீட்டுக்காரர் தூங்கட்டும்! - கிதார் கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

எலக்ட்ரிக் கிதாரில் டிஸ்டார்ஷன் போட்டு நேரே சவுண்ட் கார்டில் சொருகினால் ராக் வராது. தகர டப்பாவுக்குள் தேனீ புகுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். காரணம், நடுவில் ஸ்பீக்கர் இல்லை. கிதார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சொலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பாதி அழகு அந்த வடிகட்டலில்தான் இருக்கிறது.

சரி, ஆம்ப்பை அலறவிட்டு மைக் வைக்கலாமே? வைக்கலாம், பக்கத்து வீட்டோடு சண்டைக்குத் தயார் என்றால் :-)

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர், போலராய்டில் வேலை, வீட்டு பேஸ்மென்ட்டில் ரெக்கார்டிங். 1976ல் வந்த 'பாஸ்டன்' குழுவின் முதல் ஆல்பம் பெரும்பாலும் அங்கே பதிவானதுதான். 1982ல் அவர் ராக்மேன் என்ற குட்டிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஹெட்போனிலும் கேட்கலாம், மிக்ஸரிலும் சொருகலாம். 1989ல் சான்ஸ்ஆம்ப் வந்தது. இரண்டுமே அனலாக்.

1998ல் லைன் 6 கம்பெனியின் 'பாட்' வந்தது. ராஜ்மா விதை வடிவம், சிவப்பு நிறம். பல ஆம்ப்களையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் கணக்காக மாற்றி சிப்புக்குள் அடக்கியிருந்தார்கள். அதிலிருந்து இரண்டு கேபிள், சவுண்ட் கார்டின் லைன்-இன், அவ்வளவுதான். (மைக்-இன்னில் சொருகினால் கரகரப்புதான் மிச்சம்.) 2002ல் வந்த 'பாட் எக்ஸ்டி'யில் யூ.எஸ்.பி. சேர்ந்தது, தனி சவுண்ட் கார்டே தேவையில்லை. வாசிப்பவர் பெட்டியிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டால், ஒலி கம்ப்யூட்டரைச் சுற்றி வரும் தாமதமும் காதில் விழாது.