நித்தி கனகரத்தினமும் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும்

நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த பாடகர். தாமே பாட்டு எழுதி, தாமே மெட்டமைத்து, கிற்றாரை மீட்டித் தாமே பாடும் வழக்கத்தை ஈழத் தமிழரிடையே வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணப்படுபவர். எளிய மெட்டும் துள்ளும் தாளமும் அன்றாடப் பேச்சுமொழியும் கொண்ட சிறு பாடல்களே இலங்கையில் பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் வழங்கப்படுகின்றன. தோளில் தொங்கவிட்டு எங்கும் கொண்டு செல்லத்தக்க கிற்றாருக்கே இவ்விசையில் முதன்மையான இடம் வாய்த்தது.

இவ்விசையின் வேர்களுள் ஒன்று போர்த்துக்கேயர் காலம் வரை செல்கிறது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளாகிய தீவகத்திலும் வடபுலக் கரையோரத்திலும் வாழ்ந்த கத்தோலிக்கர் அவர்கள் கொணர்ந்த சமயத்தை நாட்டுக்கூத்து மரபோடு இணைத்துக்கொண்டனர். போர்த்துக்கேயரோடு வந்த ஆபிரிக்கர் வழியினரின் கபிரிஞ்ஞா என்னும் ஆடலிசையோ இலங்கையின் மேற்குக் கரையில் நிலைபெற்று, பைலா எனப்படும் ஆட்டப்பாட்டாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியன் அதனைச் சிங்கள மேடைக்குரிய வடிவமாக்கினார். ஆறு எண்ணிக்கையில் சுழலும் அதன் தாளம் பின்னர் தமிழ்ப் பொப்பிசைக்கும் கால்கோளாயிற்று.

மற்றொரு வேர் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தது. 1956இல் வெளியான ஹரி பெலபொன்ரேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு உலகெங்கும் பரவியதைத் தொடர்ந்து, கொழும்பின் இளைஞர் குழுக்கள் கிற்றாரும் சிறு பறைகளும் கொண்டு கலிப்சோ பாணியில் பாடத் தொடங்கின. 1960களின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தன ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழுவின் வழியே சிங்களப் பொப்பிசைக்குத் தனி முகம் அளித்தார். தமிழரோ அப்போது இந்தியத் திரைப்பாடல்களையே பெரிதும் பாடியும் கேட்டும் வந்தனர். கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாடிய இசைக்கோஷ்டிகளுக்கும் அப்பாடல்களே முதன்மையான சரக்காக இருந்தன.

இந்நிலையிற்றான், 1960களின் பிற்பகுதியில், அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த நித்தி கனகரத்தினம் பாடல்களை எழுதத் தலைப்பட்டார். அவற்றுள் மிகுந்த புகழ் பெற்ற ‘சின்ன மாமியே’, மாமியின் மகளைத் தேடிவரும் ஓர் இளைஞனுக்கும் அந்த மாமிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்தது. முறைகொண்டாடி வருபவனின் துடுக்கும், மகள் படிக்கப் போயிருக்கிறாள் என்று நிற்கும் தாயின் உறுதியும், பெண்பிள்ளைக்கு மேற்படிப்பு ஏன் என்று அக்காலத்தில் எழுந்த கேள்வியும் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்து முற்றத்தில் பேசப்படும் விளிகளும் வினைமுற்றுகளும் திருத்தப்படாமல் அப்படியே பாட்டாகியமை அதன் உண்மையான புதுமையாகும். நாட்டார் பாடலிலும் கூத்திலும் இடம்பெற்றிருந்த அப்பேச்சு, ஒலிவாங்கியின் முன் நின்று பாடும் நவீன இசையில் அதற்கு முன் இவ்வளவு துணிவோடு ஒலித்ததில்லை. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ குடிப்பழக்கத்தைக் கடிகின்ற பாடலாயினும், உபதேசத்தின் இறுக்கம் சிறிதும் இன்றி ஆடவைக்கும் மெட்டில் அமைந்தது. இவற்றை வெறும் கேளிக்கைப் பாட்டுகள் என ஒதுக்கிய சங்கீத இரசிகர்களின் தீர்ப்பு நியாயமானதன்று. சமூகத்தைக் கூர்ந்து நோக்கிய ஒருவராலன்றி இவை எழுதப்பட்டிருக்க முடியாது.

காலமும் இவ்விசைக்குத் துணைநின்றது. 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலி உள்ளூர்க் கலைஞருக்கு மெல்லிசை, பொப்பிசை என்னும் பிரிவுகளில் இடமளித்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு, பதிப்புத்துறையிலும் திரைத்துறையிலும் இருந்தவர்களைச் சொந்தப் படைப்புகளின் பக்கம் திருப்பியது. குறிகட்டுவானிலிருந்து படகேறியே அடையவேண்டிய நயினாதீவும் நெடுந்தீவும் போன்ற இடங்களுக்கு இத்தகைய புதிய பாடல்களைக் கொண்டு சேர்த்த பெருவழி வானொலியே. திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ் தாமே இயற்றி இசைத்துப் பாடிய பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்ததும் இக்காலப்பகுதியை ஒட்டியதாகும்.

பொப்பிசைக்குக் கடல் கடந்த புகழைத் தேடித்தந்தவர் ஏ. ஈ. மனோகரன். யாழ்ப்பாணத்தவரான அவர், மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் ‘சுராங்கனி’ என்னும் சிங்களப் பைலாப் பாடலைத் தமிழ் அடிகளோடு சேர்த்துப் பாடி இலங்கையிலும் தமிழகத்திலும் மேடைகளைத் தம்வயப்படுத்தினார்; 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது இடம்பெற்றது. பாடகராக மட்டுமன்றி நடிகராகவும் விளங்கிய அவரைத் தீவகத்தோடு தொடர்புபடுத்துவது ‘வாடைக்காற்று’ என்னும் நாவலின் திரைவடிவமாகும். செங்கை ஆழியான் எழுதிய அந்நாவல், பருவகாலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைத்து, அதாவது தற்காலிகக் குடில் போட்டுத் தங்கி, மீன்பிடிக்கும் தொழிலாளருக்கும் தீவின் மக்களுக்கும் இடையே உண்டாகும் காதலையும் பகையையும் பொருளாகக் கொண்டது. 1978இல் அது பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் திரைப்படமானபோது மனோகரன் அதில் நடித்தார். பின்னர் சென்னையில் குடியேறி, ‘சிலோன் மனோகர்’ என்னும் பெயரில் தென்னிந்தியத் திரைப்படங்களில் பெரும்பாலும் எதிர்நாயகன் வேடங்களை ஏற்ற அவர், 2018 சனவரி 22இல் அங்கேயே காலமானார்.

1983இல் தமிழருக்கெதிராக நிகழ்ந்த வன்செயலும் அதன்பின் நீண்ட போரும் இவ்விசையின் மேடைகளைக் குலைத்தன. தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தனர். ஈழத்துப் பாடல்களின் பொருளும் இழப்பு, எழுச்சி, புலப்பெயர்வு என மாறிற்று. வேளாண்மைத் துறையில் கற்று விரிவுரையாளராகப் பணியாற்றிய நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் குடியேறினார். பரமேஷ் ஜேர்மனிக்குச் சென்றார். பாட்டுகளோ அவர்களுக்கு முன்பே பயணப்பட்டுவிட்டன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் திருமண மண்டபங்களில், அவற்றை முதன்முதலில் கேட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகளும் இன்று அவற்றுக்கு ஆடுகின்றனர்.

இப்பயணத்தில் ஆக்கியோரின் பெயர்கள் பலவிடத்துக் கழன்றுபோயின. ‘சின்ன மாமியே’ மனோகரனின் குரலிலும் பரவியதால் அதனை அவருடைய ஆக்கமாகவே கருதுவோர் உளர். தமிழகத்தில் அது ஊர்பேர் அறியாத நாட்டுப்பாடலாகவும் எண்ணப்படுவதுண்டு. பாடிப் பரப்பியவருக்குரிய பெருமை குறையாமலேயே எழுதி இசையமைத்தவரின் பெயரையும் சொல்ல இயலும். இப்பாடல்களை ஒலிபரப்புவோரும் மேடையில் பாடுவோரும் தொகுத்து வெளியிடுவோரும் நித்தி கனகரத்தினத்தின் பெயரை அவற்றோடு சேர்த்து அறிவித்தல் வேண்டும்.