ஆர்.எக்ஸ். 100 சத்தத்துக்குப் பின்னால் ஒரு களவும் ஒரு தீக்காயமும்

நேற்று நைட் டியூட்டி. கேஸ் குறைந்திருந்த நேரத்தில் எங்கள் லேப் டெக்னீஷியன் தம்பி போனை நீட்டினான். "சார், இதை வாங்கலாமா?"

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 விற்பனைக்கு. விலை லட்சத்தைத் தாண்டி இருந்தது.

"இந்தக் காசுக்குப் புது வண்டியே எடுக்கலாமே தம்பி" என்றேன்.

"புது வண்டில அந்தச் சத்தம் வருமா சார்?"

நியாயமான கேள்வி. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஜப்பானைத் தாண்டி, கிழக்கு ஜெர்மனியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வாங்க, போய்ப் பார்ப்போம். இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் என்ஜின் பாடம். இன்றைய பெட்ரோல் பைக்குகள் பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை சக்தி கிடைக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. நாலு ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். எளிமையான, எடை குறைந்த என்ஜின்.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. எரிந்த புகை வெளியே போகும் வழியும், புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு ஓடிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

அந்த ஓட்டையை அடைத்தவர் பெயர் வால்டர் காடன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் பீனமுண்ட ஏவுகணை மையத்தில் வேலை பார்த்த பொறியாளர். போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில், எம்.இசட். என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பந்தயப் பிரிவுக்குத் தலைவர். கையில் காசும் கிடையாது, நல்ல உலோகமும் கிடையாது. மூளை மட்டும் இருந்தது.

அவர் அடைத்தது இரும்பை வைத்து அல்ல, சத்தத்தை வைத்து.

புகைக்குழாயை நடுவில் அகலமாக்கி, கடைசியில் குறுக்கினார். குழாய் அகலும் இடத்தில் அழுத்தம் இறங்கி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும். குறுகும் இடத்தில் அழுத்த அலை மோதித் திரும்பி வரும். அப்படித் திரும்பும் அலை, வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். இந்த யோசனை அவருக்கு முன்பே அரைகுறையாக இருந்தது. அளந்து, சோதித்து, வேலை செய்ய வைத்தவர் அவர்.

நம் உடம்பிலும் இதே வேலை நடக்கிறது. இதயம் சுருங்கும்போது கிளம்பும் அழுத்த அலை, ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் மோதித் திரும்பி வரும். இளம் வயதில், குழாய் மீள்தன்மையோடு இருக்கும்போது, இதயம் ஓய்வெடுக்கும் நேரம் பார்த்து அது வந்து சேரும். இதயத் தசைக்கே ரத்தம் போக உதவும். வயதும் பிரஷரும் ஏறிக் குழாய் விறைத்துவிட்டால், அதே அலை சீக்கிரமாகவே வந்து, சுருங்கிக்கொண்டிருக்கும் இதயத்துக்குச் சுமையாகிவிடும்.

எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. காடன் செய்தது அந்த நேரத்தைப் பிடித்ததுதான். 1961-ல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைசக்தி கொடுத்தது. லிட்டர் கணக்கில் 200. சாதாரணமாகக் காற்று இழுக்கும் எந்த என்ஜினும் அதற்கு முன் அந்த அளவைத் தொட்டதில்லை.

இங்கேதான் எர்ன்ஸ்ட் டெக்னர் வருகிறார். எம்.இசட்.டின் நட்சத்திர வீரர். பொறியியலும் படித்தவர். என்ஜினின் ரகசியம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

அதே நேரத்தில் ஜப்பானின் சுசூகி, 1960-லும் 1961-லும் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு வந்து அடி வாங்கித் திரும்பியது. ஹோண்டா நாலு ஸ்ட்ரோக்கில் ஜெயித்துக்கொண்டிருக்க, சுசூகி டூ ஸ்ட்ரோக்கோடு பின்னால் திணறியது. அவர்களுக்கு என்ன தேவை என்று டெக்னருக்குத் தெரியும். டெக்னருக்கு என்ன தேவை என்று அவர்களுக்கும் தெரியும்.

1961 ஆகஸ்ட் 13. பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியது. அடுத்த மாதம் ஸ்வீடனில் பந்தயம். டெக்னர் உலகப் பட்டத்துக்கான போட்டியில் முன்னணியில் இருந்தார். பந்தயத்தில் என்ஜின் கெட்டுப்போனது. டெக்னர் திரும்பிப் போகவில்லை, மேற்கே தப்பிவிட்டார். மனைவியும் குழந்தைகளும் அதே வாரக்கடைசியில் காரில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். குழந்தைகள் அழுது காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தூக்க மருந்து கொடுத்ததாகச் சொல்வார்கள். மருத்துவனாக இதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. டோஸ் கொஞ்சம் கூடியிருந்தால்?

அந்த வருடப் பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போனது. டெக்னர் ஜப்பானுக்குப் போனார், சுசூகியின் ஊரான ஹமமாட்சுவுக்கு. 1962-ல் 50 சிசி பிரிவில் உலகப் பட்டம். சுசூகிக்கு முதல் பட்டம். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கே முதல் உலகப் பட்டம்.

எம்.இசட். கடைசி வரை ஒரு உலகப் பட்டம்கூட வாங்கவில்லை. காடன் 1996-ல் இறந்தார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர்கள் வேறு ஆட்கள்.

டெக்னர் திருடனா? அடைத்து வைத்த நாட்டிலிருந்து குடும்பத்தோடு தப்பியவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் காடன் இடத்தில் நின்று பார்த்தால் அது துரோகம்தான். இரண்டுமே உண்மை.

விலையை டெக்னரும் கொடுத்தார். 1963, சுசூகா, ஜப்பான் கிராண்ட் பிரீ. வண்டி சரிந்து பெட்ரோல் தீப்பிடித்தது. உடம்பில் கடுமையான தீக்காயம். ஐம்பதுக்கும் மேற்பட்ட தோல் ஒட்டு அறுவை சிகிச்சைகள்.

ஐம்பது என்றால் என்ன தெரியுமா? ஒவ்வொரு ஒட்டுக்கும் தோலை அவர் உடம்பிலேயே நல்ல இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அதாவது ஒரு புண்ணை மூட இன்னொரு புண். ஆறிய தோல் சுருங்கி இழுக்கும், மறுபடி அறுவை. தீக்காய வார்டில் டிரெஸ்ஸிங் மாற்றும் நேரத்துக் கதறலைக் கேட்டவர்களுக்கு அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியாது.

அவ்வளவுக்கும் பிறகு 1964-ல் அதே சுசூகாவில் 125 சிசி பந்தயத்தை ஜெயித்தார். ஆனால் பழைய டெக்னர் திரும்பவில்லை. 1966-ல் ஓய்வு. 1983-ல், 51 வயதில் மரணம். சுசூகா பந்தயத் திடலில் ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ரகசியம் சுசூகியோடு நிற்கவில்லை. வண்டிக்கு வெளியே தொங்கும் குழாயை எப்படி ஒளித்து வைப்பது? ஜப்பான் முழுக்க டூ ஸ்ட்ரோக் காய்ச்சல் பரவியது. 1965-ல் சுசூகி டி20, 1969-ல் 500 சிசி கவாசாகி எச்1, 1973-ல் யமஹா ஆர்.டி. 350. இன்று சேகரிப்பாளர்கள் துரத்தித் துரத்தி வாங்குவது இவற்றைத்தான்.

அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. 1983-ல் ஆர்.டி. 350, ராஜ்தூத் பெயரில். ஜப்பான் வண்டியில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இங்கே வந்ததில் டிரம். 1984-ல் நம் ஓசூரிலிருந்தே இந்த்-சுசூகி ஏ.எக்ஸ். 100. 1985-ல் ஆர்.எக்ஸ். 100. வெறும் 98 சிசியில் 11 குதிரைசக்தி. புகைக் கட்டுப்பாடு இறுகியதும் 1996-ல் அதன் கதை முடிந்தது. ஓட்டையைக் காடன் குறைத்தாரே தவிர, முழுசாக அடைக்க அவராலும் முடியவில்லை. எரியாமல் தப்பிய பெட்ரோலும் ஆயிலும்தான் அந்த வாசனை.

தம்பியிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன். வாங்கணும்னா வாங்கு. என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகுதா பார். 15 வருஷம் தாண்டின வண்டி, பதிவைப் புதுப்பிச்சிருக்காங்களா கேள். ஒரிஜினல் சைலன்ஸர் இருக்கான்னு குனிஞ்சு பார், விலையில பாதி அதுலதான் இருக்கு.

வாங்கின அன்னைக்கே ரெண்டு வேலை செய். பிரேக் ஷூவை மாத்து. பழைய பெட்ரோல் டியூபைத் தூக்கி எறிஞ்சுட்டு புதுசு போடு. வெடிச்ச டியூப்ல கசியற பெட்ரோலுக்கு வண்டியோட வரலாறு தெரியாது. சூடான என்ஜின் மட்டும்தான் தெரியும்.

ஹெல்மெட்டைப் பத்தித் தனியா சொல்லணுமா?

"வேணாம் சார், நம்ம கேஷுவாலிட்டியிலதானே நானும் நிக்கிறேன்" என்றான்.

உங்களில் யார் வீட்டிலாவது அந்த வண்டி இன்னும் நின்றால், இன்று சாயங்காலம் அந்த டியூபை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள்.