தார் மணலின் வயதும் சில பழைய முடிவுகளும்

மணற்குன்று உயர்ந்த காலமே வறட்சி உச்சத்தில் இருந்த காலம் என்று எண்ணுவது இயல்பு. தார்ப் பாலைவனத்து மணல் அவ்வாறு சொல்லவில்லை.

மணலின் வயதை அறிவது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. கரிமக் காலக்கணிப்புக்கு உயிர்ப்பொருள் வேண்டும். குன்றின் மணலிலோ அது அரிது. மாற்றுவழி குவார்ட்ஸ் துகளுக்குள்ளேயே கிடைத்தது. சுற்றுமண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சால் விடுபடும் எலெக்ட்ரான்கள் படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிச் சேர்கின்றன. வெயில் பட்டால் அச்சேமிப்பு கலைந்துவிடும். புதைந்தால் மீண்டும் தொடங்கும். ஆகவே, வெளிச்சம் படாமல் உலோகக் குழாயில் எடுத்துவந்த மணலை ஆய்வகத்தில் தூண்டி, அது உமிழும் ஒளியை அளந்தால், துகள் கடைசியாகக் கதிரவனைக் கண்ட காலம் தெரியவரும். அளக்கப்படுவது மணல் தோன்றிய காலமன்று, புதைந்த காலம். இவ்வேறுபாடு பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிங்வி, சர்மா, அகர்வால் ஆகியோர் ராஜஸ்தான் மணற்குன்றுகளை வெப்ப ஒளிர்வு முறையில் கணித்து, 1982இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒளியாலேயே தூண்டும் முறையை ஹன்ட்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் முன்வைத்தனர். வெயில் எளிதில் கலைக்கும் சேமிப்பை மட்டுமே அது அளப்பதால் பிழை குறைந்தது.

பின்வந்த கணிப்புகளில்தான் வியப்பு காத்திருந்தது. பனியுகம் உச்சத்திலிருந்த, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் தாரில் மணற்குவிப்பு குறைவு. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தே மிகுதி. காரணம் காற்று. தார் மணலைப் பெயர்ப்பது தென்மேற்குப் பருவக்காற்று. பனியுகத்தில் மழையோடு அக்காற்றும் நலிந்திருந்தது. பருவமழை மீளத் தொடங்கியபோது காற்று முந்திக்கொண்டது. மணலைப் பிணிக்கும் புல் பிந்தியே வந்தது. அந்த இடைவெளியில் குன்றுகள் வளர்ந்தன. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை: ஒரு காலத்து மணல் அடுக்கு இல்லையென்பதால் அக்காலத்தில் மணல் அசையவே இல்லை எனக் கொள்ளலாகாது. காற்று தான் எழுதியதைத் தானே அழிக்கவும் வல்லது.

இக்கணக்கு வரலாற்றாய்வையும் தொடுகிறது. சாம்பர், டீட்வானா, லூண்கரண்சர் ஏரிகளின் மகரந்தத்தைக் கொண்டு, மழை மிகுந்த காலத்தில் ஹரப்பா நாகரிகம் செழித்தது, வறட்சியால் நலிந்தது என்று குர்தீப் சிங் 1971இல் வாதிட்டார். பாடநூல்களுக்கு உவப்பான விளக்கம் அது. 1999இல் 'சயின்ஸ்' இதழில் என்சலும் பிறரும் வெளியிட்ட லூண்கரண்சர் ஆய்வு அதனை அசைத்தது. ஏரி முற்றிலும் வற்றி, அதையொட்டி மணற்குன்றுகள் நிலைகுலைந்து, ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் கடந்த பின்னரே அந்நாகரிகம் அப்பகுதியில் தழைத்தது என்பது அதன் முடிவு. அந்நகரங்கள் எழுந்ததே வறண்ட நிலத்தில் என்றால், வீழ்ச்சிக்கு ஏரி வற்றியதைக் காரணமாகச் சொல்ல இயலாது. இமயத்து ஆறுகளின் வரத்து, பயிர்த்தேர்வு, வணிகம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது.